முதலில் படம், பிறகு ஊர்

பாலித் தீவின் கிழக்கே லெம்புயாங் என்றொரு மலை இருக்கிறது. அடிவாரக் கோயிலின் வாயில், பாலிக் கோயில்களுக்கே உரிய பாணியில், உச்சி முதல் அடிவரை நெடுக்காகப் பிளந்து இரண்டு பாதிகளாக நிற்கிறது. அந்த இடைவெளிக்குள் எதிரே ஆகுங் எரிமலை. மேகம் இறங்காத காலை வேளையில் அபாரமான காட்சி, சந்தேகமில்லை.

இன்ஸ்டாகிராமில் இந்த இடத்தைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். வாயிலுக்கு முன்னால் அலையே இல்லாத ஒரு குளம்; அதில் வாயிலும் எரிமலையும் நடுவே நிற்கும் ஆளும் தலைகீழாகத் தெரிவார்கள். 'சொர்க்க வாசல்' என்ற பெயரோடு உலகம் முழுக்கச் சுற்றிய படம் அது. நேரில் போனால் குளம் கிடையாது. காய்ந்த தரைதான்.

குளம் எங்கிருந்து வந்தது? செல்போன் கேமராவின் லென்ஸ் சில மில்லிமீட்டர் அகலம்தான். கையளவுக் கண்ணாடித் துண்டு ஒன்றை அந்த லென்ஸுக்குக் கீழே, போனின் விளிம்போடு ஒட்டினாற்போல், படுக்கைவாக்கில் பிடித்தால், காட்சியின் கீழ்ப்பாதியை அந்தத் துண்டே மறைத்துவிடும். தரை இருந்த இடத்தில் வாயிலும் வானமும் தலைகீழாகத் தெரியும். துண்டின் விளிம்பு லென்ஸுக்கு மிக அருகில் இருப்பதால் அது குவியத்துக்குள் வராமல் மங்கிக் கரைந்து, நீர்க்கரைபோலத் தோன்றும். பள்ளிக்கூடத்தில் படித்த சமதள ஆடியின் எதிரொளிப்பு, அவ்வளவுதான் விஷயம்.

வருகிறவர்களுக்கு எண் போட்டுச் சீட்டு கொடுக்கிறார்கள். இடுப்பில் சாரோங் கட்டிக்கொண்டு நிழலில் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். கூட்டமான நாளில் இரண்டு மூன்று மணி நேரம் ஆகிவிடும். எண்ணைக் கூப்பிட்டதும் வாயிலின் நடுவே போய் நிற்கலாம். உள்ளூர்ப் படக்காரர் தரையோடு தரையாக உட்கார்ந்து, பயணியின் போனையே வாங்கி, கண்ணாடியை அடியில் கொடுத்து, நிற்கச் சொல்லி, குதிக்கச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லி, சில போஸ்களில் வேலையை முடித்துவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிடுவார். இதே மலையில் சுமார் 1,700 படிகள் ஏறினால் உச்சியில் லெம்புயாங் லுஹுர் கோயில் இருக்கிறது. பாலி இந்துக்கள் பெரிதாகப் போற்றுவது அதைத்தான். படம் கிடைத்த பயணிகளில் பலர் அந்தப் பக்கம் ஏறுவதில்லை.

2019-இல் கண்ணாடித் துண்டின் ரகசியம் ட்விட்டரில் வெளிப்பட்டு, செய்தித் தாள்கள்வரை வந்தது. அதற்குப் பிறகும் துண்டு ஓய்வுபெறவில்லை. மோசடி என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அங்கே ஏமாந்தவர் என்று யாரைக் காட்டுவது? படக்காரர் கையில் இருக்கும் கண்ணாடியைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டுதான் எல்லோரும் நிற்கிறார்கள். குளம் இல்லை என்று தெரிந்த பிறகும் குளத்தோடுதான் படம் வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே பார்த்த படத்துக்குள் தாமும் ஒருமுறை போய் நின்றுவிட்டு வருவதற்கான பயணம் அது.

இந்தப் போக்கை இணையம் பரவுவதற்கு முன்பே கண்டு எழுதியவர் பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஜான் அர்ரி. 1990-இல் வந்த அவருடைய 'த டூரிஸ்ட் கேஸ்' என்ற நூல் சுற்றுலா ஆய்வில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. பயணி வெறுங்கண்ணோடு புறப்படுவதில்லை என்பது அவர் வாதம். விளம்பரப் புத்தகத்திலும் தொலைக்காட்சியிலும் பார்த்த படம் புறப்படும் முன்பே மனதில் ஏறிவிடுகிறது. போன இடத்தில் அந்தக் காட்சியைத் தேடுகிறார். கண்டதும் தானும் அதையே எடுக்கிறார். ஊர் திரும்பி நாலு பேருக்குக் காட்டுகிறார். அந்த நாலு பேரில் ஒருவருக்கு அடுத்த பயணத்துக்கான படம் அதுவாகிவிடுகிறது. வட்டம் ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடங்குகிறது.

'காலம் கெட்டுப்போச்சு' என்று இங்கே யாராவது பெருமூச்சு விட்டால், அவரை 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக்கு அழைத்துப் போகலாம். அங்கே வசதியுள்ள பயணிகள் 'கிளாட் கண்ணாடி' என்ற ஒன்றைப் பையில் வைத்திருந்தார்கள். லேசாகக் குவிந்த, கருமை பூசிய சிறு ஆடி. ஏரியும் மலையும் தெரியும் இடத்துக்கு வந்ததும் பயணி அவற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கண்ணாடிக்குள் தெரியும் பிம்பத்தைப் பார்ப்பார். அகண்ட காட்சி சிறு சட்டத்துக்குள் அடங்கும்; கூசும் வெளிச்சம் தணியும்; 17-ஆம் நூற்றாண்டு ஓவியர் கிளாட் லொரேன் வரைந்த படம்போலத் தோன்றும். பெயர் வந்ததும் அவரால்தான். இன்றைக்கு ஃபில்டர் போடுகிறோமே, கிட்டத்தட்ட அதே வேலை. 1778-இல் தாமஸ் வெஸ்ட் என்பவர் எழுதிய வழிகாட்டி நூல், எந்த ஏரியை எந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று இடம் குறித்தே கொடுத்தது. விண்டர்மியர் ஏரிக்கரையில் அப்படிக் குறித்த ஓர் இடத்தில் ஒரு கட்டடமே எழுப்பி, சன்னல்களுக்கு வண்ணக் கண்ணாடி போட்டார்கள். ஒரு சன்னல் வழியே பார்த்தால் ஏரி கோடையில் இருக்கும், இன்னொன்றின் வழியே இலையுதிர் காலத்தில் இருக்கும்.

கவிஞர் தாமஸ் கிரே 1769-இல் அந்தப் பக்கம் போனபோது கையில் கண்ணாடியோடு சேற்றுப் பாதையில் மல்லாக்க விழுந்து விரல் முட்டியில் அடிபட்டதைத் தன் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அடிபட்டும் நகராமல் நின்று சூரிய அஸ்தமனத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனாராம். செல்ஃபி விபத்துகளின் வரலாற்றை யாராவது எழுதினால் முதல் பக்கம் அவருக்கு.

அப்படியானால் இன்று புதிது என்ன? வேகம் ஒன்று. 2010 அக்டோபரில் இன்ஸ்டாகிராம் வந்தது. அந்த ஆண்டு நார்வேயின் ட்ரோல்டுங்கா பாறைக்குப் போனவர்கள் சுமார் 800 பேர். 2016-இல் 80,000 பேர். ஏரிக்கு 700 மீட்டர் மேலே நாக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும் பாறை அது. போய்வர 10 முதல் 12 மணி நேர மலை நடை. படத்தில் பாறை நுனியில் ஒற்றை ஆள் தனியாக நிற்பார். படத்துக்கு வெளியே, அந்தத் தனிமைக்காக ஒரு பெரிய வரிசை நின்றுகொண்டிருக்கும்.

இன்னொன்று, பார்க்கிறவர் யார் என்பது. கிளாட் கண்ணாடிக்காரர் தனக்காகப் பார்த்தார். ஆல்பம் காலத்தில் வீட்டுக்கு வந்த விருந்தாளி பார்த்தார், அதுவும் காபி ஆறும்வரை. இப்போதோ படம் எடுக்கிற கணத்திலேயே இருநூறு பேரோ இரண்டாயிரம் பேரோ தோளுக்குப் பின்னால் நிற்கிறார்கள். இந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டம்தான் விஷயத்தின் முடிச்சு என்று நினைக்கிறேன். உளவியல் சோதனைகளும் அந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன. ஆனால் நேராக அங்கே போய்ச் சேரவில்லை.

அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தில் லிண்டா ஹென்கல் என்ற உளவியலாளர் மாணவர்களை வளாகத்து அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனார். சில பொருள்களைப் பார்க்க மட்டும் சொன்னார். சிலவற்றைப் படம் எடுக்கச் சொன்னார். மறுநாள் நினைவுச் சோதனை வைத்தார். படம் எடுத்த பொருள்களை மாணவர்கள் குறைவாக நினைவு வைத்திருந்தார்கள். 2014-இல் இந்த ஆய்வு அச்சேறியதும், 'கேமரா நினைவைத் தின்கிறது' என்கிற தொனியில் செய்திகள் பறந்தன. அதே கட்டுரையின் இரண்டாவது சோதனையை அவ்வளவு பேர் கவனித்ததாகத் தெரியவில்லை. அதில் சில பொருள்களை முழுதாக எடுக்காமல், ஒரு பகுதியை மட்டும் நெருங்கிப் பெரிதாக்கி எடுக்கச் சொன்னார். சிலையின் பாதம் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நினைவு குறையவே இல்லை. பெரிதாக்கி எடுத்த பகுதி மட்டுமின்றி, படச் சட்டத்துக்கு வெளியே விட்டுப்போன பகுதியும் நினைவில் நின்றது. எதை எடுப்பது என்று தேர்ந்தெடுக்க மனம் வேலை செய்தால் மறதி வருவதில்லை என்று தோன்றியது.

நாம் நினைவைப் போனிடம் ஒப்படைத்துவிட்டு 'அது பார்த்துக்கொள்ளும்' என்று மனதைத் தளர விடுகிறோம், அதனால்தான் மறதி என்று அப்போது விளக்கம் சொன்னார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஜூலியா சோரஸும் பெஞ்சமின் ஸ்டார்மும் 2018-இல் அதைச் சோதித்தார்கள். எடுத்த படம் கையில் தங்காது என்று முன்கூட்டியே தெரிந்தால் மனம் உஷாராக இருக்க வேண்டுமல்லவா? அதனால் தானாக மறைந்துபோகும் ஸ்னாப்சாட்டில் எடுக்கச் சொன்னார்கள். எடுத்ததை உடனே அழிக்கவும் சொன்னார்கள். அப்போதும் மறதி வந்தது. ஆக, ஒப்படைப்பு விளக்கம் முழுமையானதல்ல. படம் எடுக்கும் காரியமே அந்தச் சில நொடிகளுக்குக் கவனத்தைப் பொருளிலிருந்து பிய்த்துவிடுகிறது என்பது இன்னொரு சாத்தியம்.

இதற்கு எதிர்ப்பக்கச் சாட்சியும் இருக்கிறது. அலிக்ஸாண்ட்ரா பராஷ், கிறிஸ்டின் டீல், கால் சாபர்மன் ஆகியோர் அடங்கிய குழு, மக்கள் தம் இஷ்டப்படி படம் எடுக்கும்போது என்ன ஆகிறது என்று பார்த்தது. 2016-இல் வெளியான அவர்களுடைய சோதனைகளில் ஒன்று ஃபிலடெல்ஃபியா நகரத்தில் மாடிப் பேருந்தில் ஊர் சுற்றிக் காட்டுவது. கேமரா கொடுக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக ரசித்தார்கள். எதை எடுக்கலாம் என்று தேடுவதே ஒரு ஈடுபாட்டைத் தந்துவிடுகிறது. ரசனையைப் படம் கூட்டுவதுபோல வெறுப்பையும் கூட்டுகிறது: காட்டு விலங்கைச் சிங்கங்கள் அடித்துக் கொல்லும் காட்சியைத் திரையில் 'படம் எடுத்தவர்கள்' சும்மா பார்த்தவர்களைவிட அதிகம் சங்கடப்பட்டார்கள்.

2017-இல் வந்த அடுத்த ஆய்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அருங்காட்சியகத்தில் காதில் ஒலி வழிகாட்டியை மாட்டிக்கொண்டு சுற்றுகிறார்கள். ஒரு சாராரிடம் கேமரா, மறு சாராரிடம் இல்லை. கேமரா வைத்திருந்தவர்கள் கண்ணால் பார்த்ததைக் கூடுதலாக நினைவு வைத்திருந்தார்கள். படம் எடுக்காமல் விட்ட பொருள்களைக்கூட. ஆனால் காதில் கேட்டதைக் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள். கேமராவே இல்லாமல், மனதுக்குள் படம் எடுப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னாலும் ஏறத்தாழ இதே விளைவு வந்தது. கேமரா புலன்களை ஒட்டுமொத்தமாக மழுங்கடிக்கவில்லை. கண்ணுக்குக் கூடுதலாகக் கொடுத்து, காதிடமிருந்து எடுத்துக்கொள்கிறது.

இனி அந்தக் கூட்டத்துக்கு வருவோம். 2018-இல் இதே குழு, படம் எடுப்பதின் நோக்கத்தை மட்டும் மாற்றிப் பார்த்தது. கிறிஸ்துமஸ் அன்று ஒரு பிரிவு மாணவர்கள் தம் சொந்த ஆல்பத்துக்காகப் படம் எடுக்க வேண்டும். மற்றவர்கள் ஃபேஸ்புக்கில் போடுவதற்காக. அதே பண்டிகை, அதே மாதிரி கேமரா. பகிர்வதற்காக எடுத்தவர்களின் படங்களில் போஸ் கொடுத்த சிரிப்பும் கிறிஸ்துமஸுக்கு 'இலக்கணமான' பொருள்களும் தூக்கலாக இருந்தன. அந்த ஆய்வின் சோதனைகள் காட்டியது: பகிரும் எண்ணத்தோடு எடுத்தவர்கள் குறைவாக ரசித்தார்கள், காரணம் 'நான் எப்படித் தெரிவேன்' என்ற கவலை. நிகழ்வைப் பிறகு நினைத்துப் பார்க்கும்போது, தம் கண் வழியாகப் பார்ப்பதற்குப் பதிலாக, வெளியே நிற்கும் ஒருவர் தம்மைப் பார்ப்பதுபோல நினைவுகூரும் போக்கும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது. படத்தைப் பிறகு எத்தனை பேர் பார்த்தார்கள் என்பது இங்கே கணக்கிலேயே வரவில்லை. பார்ப்பார்கள் என்ற நினைப்பே போதுமானதாக இருந்தது.

ஆகவே கேமராவைப் பிடித்துத் திட்டுவதில் அர்த்தமில்லை. யாருக்காக எடுக்கிறோம் என்பதில்தான் ஊரின் அனுபவம் மாறுகிறது.

மாமல்லபுரத்துக்குப் போனால் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். கிருஷ்ணர் வெண்ணெய் உருண்டைக்குக் கீழே எந்த நேரமும் யாராவது கையை ஊன்றிப் பாறையைத் தாங்கிக்கொண்டிருப்பார்கள். உருண்டு விழாமல் பிடிப்பதுபோல ஒரு போஸ். குழந்தை தொடங்கித் தாத்தா வரை அதே போஸ். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் கை கோத்து நின்று படம் எடுத்துக்கொண்டதும் இதன் முன்னால்தான். கூப்பிடு தூரத்தில் அர்ச்சுனன் தபசு இருக்கிறது. அதன் முழு அகலமும் ஒரு போன் படத்தில் அடங்கினால் யானை மட்டும்தான் தெளிவாகத் தெரியும். மற்றவை கூட்டமாகத் தெரியும். ஹென்கல் சொன்னபடி ஒரு துண்டை மட்டும் நெருங்கிப் பாருங்கள். யானையின் பக்கத்தில் பின்னங்கால்களில் எழுந்து நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேலே கூப்பித் தவம் செய்கிறது ஒரு பூனை. விலா எலும்பு தெரிய ஒட்டிய வயிறு. காலடியில் எலிகள், பயமில்லாமல். மேலே நிஜமாகவே தவமிருக்கும் முனிவரின் கை அமைப்பு எதுவோ அதையே பூனைக்கும் கொடுத்திருக்கிறான் சிற்பி. பல்லவர் காலத்துக் கிண்டல் அது, 1,300 ஆண்டாகக் கல்லில் இருக்கிறது. 'பூனையை எடுக்கலாம்' என்று குனிந்தவருக்கு இது மறக்காது. பாறையைத் தாங்கியவருக்கு, தான் தாங்கிய படம் இருக்கும்.

காது சமாசாரமும் அங்கே உண்டு. ஊருக்குள் சிற்பக் கூடங்களில் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ரீல்ஸில் அதன்மேல் பாட்டு ஏற்றிவிடுகிறோம்.

தமிழர்களுக்கு இந்த வட்டத்தை முதலில் பழக்கிவிட்டது இன்ஸ்டாகிராம் அல்ல, சினிமா. கொடைக்கானலில் 'டெவில்ஸ் கிச்சன்' என்று வெள்ளைக்காரர் பெயரிட்டிருந்த பள்ளத்தை 1991-இல் 'குணா' படம் குணா குகை ஆக்கியது. அரசாங்கப் பலகையிலும் அதே பெயர் ஏறியது. 2024 பிப்ரவரியில் 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் வந்ததும், உள்ளே இறங்கவே முடியாதபடி கம்பி போட்டு அடைத்த குகையைக் கம்பிக்கு வெளியே நின்று படம் எடுக்கக் கூட்டம் அலைமோதியது. ஒரு படத்தைப் பற்றிய படத்தைப் பார்த்துவிட்டு வந்து எடுத்த படங்கள். அர்ரி இருந்திருந்தால் ஒரு அத்தியாயம் கூட்டியிருப்பார்.

பயணியின் மனதோடு இது நின்றுவிடுவதில்லை. ஊரும் படத்துக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது அல்லது படத்தோடு மல்லுக்கட்டுகிறது. ஜப்பானின் ஃபுஜிகவாகுச்சிக்கோ நகரில் ஒரு லாசன் கடை. கூரைக்கு மேலே ஃபுஜி மலை உட்கார்ந்திருப்பதுபோல ஒரு கோணம் அங்கே கிடைக்கும். சாதாரணப் பெட்டிக்கடைச் சங்கிலியும் புனித மலையும் ஒரே சட்டத்தில் என்பதுதான் கவர்ச்சி. அதற்காகச் சாலையைக் குறுக்கே ஓடிக் கடப்பதும், பக்கத்துப் பல் மருத்துவமனையின் இடத்தில் வண்டியை நிறுத்துவதும், குப்பை போடுவதும் எல்லை மீறிப்போய், 2024 மே 21 அன்று நகராட்சி 2.5 மீட்டர் உயரம், 20 மீட்டர் நீளத்துக்குக் கருப்பு வலையைக் கட்டி மலையையே மறைத்தது. சில நாளிலேயே வலையில் ஓட்டைகள். ஒவ்வொன்றும் கேமரா லென்ஸ் நுழையும் அளவு. ஆகஸ்டில் புயல் வருகிறதென்று வலையை இறக்கியவர்கள் மறுபடி கட்டவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில், ஏறத்தாழ 750 பேர் வசிக்கும் ஆஸ்திரிய ஏரிக்கரைக் கிராமமான ஹால்ஸ்டாட் ஒரு மரத் தடுப்பு வைத்துப் பார்த்தது. சமூக ஊடகத்தில் எழுந்த கூச்சலில் அதையும் எடுத்துவிட்டார்கள். படத்தால் வந்த தொல்லைக்குத் தடுப்பு, தடுப்பைப் பற்றிய படத்தால் வந்த தொல்லையில் தடுப்பு காலி.

நம்மூர் நகராட்சிகள் எதிர்த் திசையில் போகின்றன. மெரினா எதிரே 'நம்ம சென்னை' எழுத்துகள் வந்த பிறகு, ஊர் பெயரைப் பெரிய எழுத்தில் நிறுத்தி 'செல்ஃபி பாயின்ட்' திறக்காத நகரம் குறைவு. பின்னால் கடல் இருக்கிறதா சாக்கடை இருக்கிறதா என்ற கவலை இல்லாமல், படத்துக்கென்றே ஒரு இடம். இதைக் குறை சொல்லவும் தயக்கமாக இருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் பங்குகொண்ட 2018-ஆம் ஆண்டு ஆய்வு, 2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை உலகெங்கும் செல்ஃபி எடுக்கப்போய் 259 பேர் இறந்ததைச் செய்திகளிலிருந்து திரட்டியது. அதில் 159 பேர் இந்தியர்கள். பெரும்பாலோர் இளைஞர்கள்; முதல் காரணம் நீரில் மூழ்கியது. செய்தியில் வராத சாவுகள் இதில் சேரவில்லை. பாறை நுனியில் நிற்பதைவிட ஃபைபர் எழுத்துக்குப் பக்கத்தில் நிற்பது எவ்வளவோ மேல்.

ஆய்வாளர்களுக்கு இந்தப் படப் பெருக்கம் பெரிய வரம். எடுத்த இடம், நேரம் எல்லாம் படத்தோடே ஒட்டிக்கொண்டு வருகிறது. 2009-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் ஃப்ளிக்கர் தளத்தின் சுமார் மூன்றரைக் கோடிப் படங்களை வைத்து உலகில் எது அதிகம் எடுக்கப்படுகிறது என்று கணக்கிட்டார்கள். ஈஃபில் கோபுரம், டிரஃபால்கர் சதுக்கம் எல்லாம் எதிர்பார்த்ததுதான். நியூயார்க்கில் ஐந்தாவது இடம் பிடித்தது ஒரு ஆப்பிள் கடை. 2010-இல் எரிக் ஃபிஷர் நகர வரைபடங்களில் உள்ளூர்க்காரர் படம் எடுத்த புள்ளிகளுக்கு நீலமும் பயணிகளின் புள்ளிகளுக்குச் சிவப்பும் கொடுத்தார். ஒரே நகரத்துக்குள் இரண்டு நகரங்கள் தெரிந்தன. 2013-இல் ஸ்பென்சர் வுட் குழு 31 நாடுகளில் 836 சுற்றுலா இடங்களை எடுத்துக்கொண்டு, படங்களின் எண்ணிக்கையை வைத்தே வருகையாளர் எண்ணிக்கையை ஓரளவு நம்பகமாகச் சொல்லிவிட முடியும் என்று காட்டியது.

ஆனால் படத்தை வைத்து அனுபவத்தை அளப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. படம் எதுவும் எடுக்காமல் குளத்துப் படியில் உட்கார்ந்துவிட்டுப் போனவர் இந்தக் கணக்கில் இல்லை. சுண்டல் வாசனை இல்லை. எல்லோரும் ஒரே கோணத்தில் எடுக்கிறார்கள் என்பதால் எல்லோருக்கும் ஒரே அனுபவம் என்றும் ஆகாது. 2018-இல் தொடங்கிய 'இன்ஸ்டா ரிபீட்' என்ற கணக்கு, கூடார வாசல் வழியே தெரியும் மலை, படகின் முனை என்று ஒன்றுபோலிருக்கும் படங்களைக் கட்டம் கட்டிப் போட்டுக் கிண்டல் செய்தது. கிண்டல் சரிதான், ஆனால் அந்தக் கூடாரங்களுக்குள் இருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதை அந்தக் கட்டம் சொல்லாது. நேரில் கேட்டால்தான் தெரியும். இன்னொன்று: மேலே சொன்ன சோதனைகளில் கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் அமெரிக்க மாணவர்களும் அமெரிக்கப் பயணிகளும். வேனில் பதினைந்து பேராக, கட்டுச்சோற்றோடு கிளம்பி, வழியில் மூன்று கோயில் பார்த்துவிட்டு வரும் நம் குடும்பத்துக்கு அந்த முடிவுகள் அப்படியே பொருந்துமா என்பது திறந்த கேள்வி.

அதைச் சோதிக்க நம்மிடம் ஓர் ஆயத்தமான இடம் இருக்கிறது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 முதல் செல்போனுக்கு அனுமதியில்லை. 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றம் தமிழகக் கோயில்கள் எல்லாவற்றுக்கும் அப்படியொரு தடையை அமல்படுத்தச் சொன்னது. சித்திரை வீதியில் கோபுரத்தைப் பின்னால் வைத்து ஆசைதீரப் படம் எடுத்தவர், அடுத்த சில நிமிடத்தில் போனைப் பெட்டகத்தில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார். அதே ஆள், அதே நாள். ஒரு பாதி போனோடு, மறு பாதி போன் இல்லாமல். வெளியே எடுத்ததை யாருக்கு அனுப்பினார் என்று கேட்கலாம். மறுநாள் போன் செய்து, கோபுரத்தைப் பற்றி என்ன நினைவிருக்கிறது, பொற்றாமரைக் குளத்தைப் பற்றி என்ன நினைவிருக்கிறது என்று விசாரிக்கலாம். பக்தி, கூட்டம், களைப்பு எல்லாம் கணக்கைக் குழப்பும்தான். அந்த உத்தரவுக்குப் பிறகும் பிராகாரத்தில் தாராளமாகப் படம் எடுக்கிற தஞ்சைப் பெரிய கோயிலில் இன்னொரு குழுவை விசாரித்து ஒப்பிட்டால் குழப்பம் பாதி தெளியும்.

இதற்குக் கண்ணசைவைப் பதியும் கருவி வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம். சுற்றுலாத் துறையோ உளவியல் துறையோ இருக்கிற கல்லூரியில் ஆர்வமுள்ள முதுகலை மாணவர் ஒருவரும் வழிகாட்ட ஓர் ஆசிரியரும் கோயில் நிர்வாகத்தின் அனுமதியும் இருந்தால் போதும். யாராவது செய்யுங்கள். கேள்வித்தாள் தயாரிக்கும்போது, 'என்ன பார்த்தீர்கள்' என்பதோடு 'என்ன சத்தம் கேட்டது' என்பதையும் மறக்காமல் சேருங்கள்.